பைசா சுத்தமாக டேலி ஆனது

ஜூன் 3, திங்கள்

முப்பத்தாறு வருடம் வங்கியில் கேஷியராக இருந்து, அதில் கடைசி எட்டு வருடம் ஹெட் கேஷியர் என்ற பெயரோடு திண்டுக்கல் கிளையில் உட்கார்ந்திருந்த சௌந்தரபாண்டியன் ஆகிய நான் இன்று செய்த வேலைகள்: பால் வாங்கியது, மோட்டார் போட்டது, மோட்டாரை நிறுத்த மறந்து இந்திராணியிடம் திட்டு வாங்கியது. ஓய்வு பெற்றால் நிம்மதி என்று எனக்குச் சொன்னவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். ஒரு வருடமாக முழங்கால் வலியும் செய்தித்தாளும்தான்.

ஓய்வூதியர் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு லிங்க் போட்டிருந்தார்கள். 'விடிவெள்ளி முதலீட்டாளர் வட்டம்' என்று பெயர். கிரிப்டோ காயின் வாங்கி விற்பது பற்றி இலவசமாகப் பாடம் நடத்துகிறார்களாம். பொழுது போகட்டும் என்று சேர்ந்தேன். பணம் போடுகிற உத்தேசம் இல்லை. கள்ள நோட்டை விரல் பட்டதுமே சொல்லிவிடுகிற ஆள் நான். என்னை யார் ஏமாற்றுவது?

ஜூன் 8, சனி

பாடம் நடத்துகிறவர் பெயர் மீனலோசனி மேடம். தினமும் காலை பத்து மணிக்கு எழுதுகிறார். நல்ல தமிழ். என்னை 'ஐயா' என்றுதான் விளிக்கிறார். ஓசூரில் இருக்கும் என் மகள்கூட எனக்கு எதையும் இவ்வளவு பொறுமையாக விளக்கியதில்லை. 'அப்பா, அந்த பட்டனை அமுக்குங்க, அவ்வளவுதான்' என்று வைத்துவிடுவாள்.

முதல் மூன்று நாள் பாடமும் மோசடியில் சிக்காமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றித்தான். நிச்சய லாபம் என்று சொன்னால் நம்பாதீர்கள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். எந்தச் செயலியில் பணம் போட்டாலும் முதலில் கொஞ்சம் போட்டு, கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். எடுக்க முடிந்தால்தான் அது நிஜம். இதைவிட நல்ல புத்தி யார் சொல்வார்கள்? மோசடிக்காரன் மோசடி பற்றிப் பாடம் எடுப்பானா?

ஜூன் 13, வியாழன்

கோரலெக்ஸ் என்ற செயலியில் இரண்டு தடவையாக இருபதாயிரம் போட்டேன். பரீட்சைக்குத்தான். பணத்தை நேராகக் கம்பெனிக்கு அனுப்ப முடியாது. அவர்கள் கொடுக்கும் ஏதோ ஒரு கணக்குக்கு அனுப்பினால் அதற்கு ஈடான காயின் நம் பெயரில் ஏறும். முதல் தடவை சூரத்தில் ஒரு துணிக்கடைக் கணக்கு. இரண்டாம் தடவை குவாஹாத்தியில் பழைய இரும்பு வியாபாரி. கேட்டேன். காயின் விற்பவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள் ஐயா, கிரிப்டோவில் நடைமுறையே அதுதான் என்றார் மேடம். வங்கியில் ஒருவர் இப்படிச் செய்தால் நானே எழுந்துபோய் மேனேஜர் காதில் போட்டிருப்பேன். ஆனால் இது வேறு உலகம்.

மத்தியானம் எட்டாயிரம் எடுத்துப் பார்த்தேன். பதினொரு நிமிடத்திலேயே என் பென்ஷன் கணக்கில் விழுந்தது. அனுப்பியவர் பெயர் பி. நாகரத்னம்மா. கர்நாடகத்தில் யாரோ என் காயினை வாங்கியிருக்கிறார். அந்தம்மா நன்றாக இருக்கட்டும்.

ஜூன் 14, வெள்ளி

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். வாங்கிய காயின், விற்ற காயின், கமிஷன், இருப்பு என்று நாலு கட்டம். மாலை ஆறு மணிக்கு என் நோட்டையும் செயலியையும் ஒத்துப் பார்த்தேன். பைசா சுத்தமாக டேலி.

இது வெளியாளுக்குப் புரியாது. வங்கியில் மாலை டேலி ஆகாமல் கேஷியர் நாற்காலியை விட்டு எழ முடியாது. ஒருமுறை ஆறு ரூபாய் குறைந்தது. ஏழரை மணி வரை மொத்தக் கிளையும் உட்கார்ந்து தேடினோம். கடைசியில் ஒரு சலானில் ஏழு என்ற எண்ணை ஒன்று என்று படித்திருந்தது தெரிந்தது. கணக்கு எங்காவது இடித்தால் அங்கே தப்பு இருக்கிறது. இடிக்கவில்லை என்றால் தப்பு இல்லை. முப்பத்தாறு வருடம் சோறு போட்ட பாடம் அது. கோரலெக்ஸ்காரன் கமிஷனில் மூன்று பைசாவைக்கூட விடாமல் காட்டுகிறான். திருடன் இவ்வளவு சிரத்தையாகக் கணக்கு எழுத மாட்டான்.

ஜூன் 26, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொன்னேன். டேலி.

ஜூலை 5, வெள்ளி

சின்ன டெபாசிட் ஒன்றை முறித்தேன். இந்திராணியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. கேட்டால் சொல்வேன்.

ஜூலை 31, புதன்

சின்னக்காளை இன்று ஓய்வு பெற்றான். கிளையில் எனக்குக் கேஷ் பியூனாக இருந்தவன். ஸ்ட்ராங் ரூமிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்து என் காலடியில் வைப்பதும், மாலையில் திரும்பத் தூக்கிப் போவதும் அவன்தான். முப்பத்தொரு வருடச் சர்வீஸ். கோடிக்கணக்கில் அவன் தோளில் போயிருக்கிறது. ஒரு ரூபாய் தவறியதில்லை. நான் டேலி ஆச்சு என்று சொன்ன பிறகுதான் டீ குடிப்பான்.

சால்வை போட்டார்கள், கேசரி கொடுத்தார்கள். அவனைப் பேசச் சொன்னால், "எனக்கு என்ன தெரியும், எல்லாம் எங்க சார் சொல்லிக் குடுத்ததுதான்" என்று என்னைக் கைகாட்டி உட்கார்ந்துவிட்டான். மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

வெளியே வந்ததும் ரகசியம் போலச் சொன்னான். நத்தம் ரோட்டில் இரண்டு சென்ட் இடம் பேசி முடித்திருக்கிறான். மூன்று லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. மீதி ஆறு லட்சம், இந்த ரிட்டயர்மென்ட் பணத்தில். நவம்பர் 11 பத்திரப் பதிவு.

"இருபத்தாறு வருசமா லைன் வீடு சார். ஒரு பைப்புக்கு ஏழு குடும்பம். பேச்சி ஒண்ணே ஒண்ணுதான் சார் கேட்டுச்சு. நமக்குன்னு ஒரு பைப்பு வேணும்னு."

பேச்சியம்மாள் அவன் மனைவி. நல்லது, நல்லபடியாக முடி என்றேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

சாப்பிட உட்கார்ந்ததும் இந்திராணி ஆரம்பித்தாள்.

"என்னங்க, சாயங்காலம் ஆறு மணியானா ரூமுக்குள்ள போயி நோட்டை விரிச்சுக்கிறீங்க. பேங்குல இன்னமும் சம்பளம் குடுக்குறாங்களா?"

"பொழுது போகணும்ல."

"பொழுதுபோக்குக்குத்தான் டெபாசிட் பைலை எடுத்துக் கலைச்சுப் போட்டுருக்கீங்களாக்கும்."

முருங்கைக்காய் சாம்பார் பிரமாதம் என்றேன். அவள் வைத்திருந்தது கத்தரிக்காய் சாம்பார்.

மொத்தம் எவ்வளவு போட்டிருக்கிறேன் என்பதை இதில் எழுதப் போவதில்லை. கணக்கு நோட்டில் இருக்கிறது. செயலியில் அது இரண்டே கால் மடங்காக நிற்கிறது. அதுவும் டேலி.

ஆகஸ்ட் 28, புதன்

பாதியை எடுத்துவிடலாம், இந்திராணியிடம் மொத்தமாகக் காட்டி வாயை அடைக்கலாம் என்று காலையில் விண்ணப்பம் போட்டேன். 'நிராகரிக்கப்பட்டது.' லாபத்தில் இருபது சதவீதம் வரி முன்கூட்டியே கட்டினால்தான் கணக்கு திறக்குமாம். வரியை லாபத்திலேயே பிடித்துக்கொள்ளுங்களேன் என்று எழுதினேன். விதி அப்படி ஐயா, நானும் அப்படித்தான் கட்டினேன் என்றார் மேடம்.

வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவதுதான் உலக வழக்கம்.

செப்டம்பர் 2, திங்கள்

பெரிய டெபாசிட்டையும் முறித்தேன். வரி கட்டியாயிற்று.

செப்டம்பர் 5, வியாழன்

திறக்கவில்லை. இப்போது என் 'நம்பக மதிப்பெண்' குறைவாம். அறுபத்தொன்று. எண்பது வேண்டும்.

செப்டம்பர் 9, திங்கள்

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையைக்கூட அப்படியே வைத்துவிட்டேன். வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஒரு தப்பு இல்லை. என் எழுத்து, என் கூட்டல். அவன் சொன்ன எண்ணை நான் எழுதிக்கொண்டு, என் எண்ணை அவன் எண்ணோடு ஒத்துப் பார்த்திருக்கிறேன். பெட்டியில் பணம் இருக்கிறதா என்று திறந்தே பார்க்கவில்லை. கேஷியராம் கேஷியர்! வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துப் பையன்கூட இதைச் செய்ய மாட்டான்.

மாலையில் மேடம் எழுதினார். புது உறுப்பினர் ஒருவரைக் குறைந்தது ஐந்து லட்சத்தோடு சேர்த்துவிட்டால் மதிப்பெண் எண்பதைத் தாண்டுமாம். அன்றே என் பணம் முழுவதும் வந்துவிடுமாம். அந்தப் பேச்சுக்கே செருப்பால் அடிக்க வேண்டும். பதில் போடவில்லை.

செப்டம்பர் 11, புதன்

சின்னக்காளை வந்தான். நான் கூப்பிடவில்லை. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன், நான் கூப்பிடவில்லை.

"சார், பத்திரச் செலவு இடிக்குது சார். எழுவதாயிரம் பத்தல. நீங்க போன்ல ஏதோ பண்றீங்கன்னு அன்னைக்கு பங்ஷன்ல பேசிக்கிட்டாங்க. ஆறு லட்சம் சும்மாதானே கெடக்கு. ரெண்டு மாசத்துக்கு அதுல போட்டு, அந்த எழுவதை மட்டும் எடுத்துக்கிறலாமா சார்?"

"அதெல்லாம் வேணாம்யா. ஏத்த எறக்கம் இருக்கு."

"நீங்க போட்டுருக்கீங்கல்ல சார்?"

"போட்டுருக்கேன்."

"பெறகு என்ன சார்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். வேண்டாம் என்று ஒரே வார்த்தையாகச் சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 13, வெள்ளி

இந்திராணியின் கண் ஆபரேஷனுக்கு மருத்துவமனையில் தேதி கொடுத்திருக்கிறார்கள். பணத்துக்கு என்ன, டெபாசிட் இருக்கிறதே என்றாள். தலையாட்டினேன்.

செப்டம்பர் 16, திங்கள்

சின்னக்காளையின் போனில் கோரலெக்ஸ் ஏற்றிக் கொடுத்தேன். அவனாகக் கேட்டான். இரண்டு தடவை கேட்டான்.

என் பணம் வந்ததும் முதல் வேலையாக அவனுடைய ஆறு லட்சத்தையும் மேலே எழுபதாயிரத்தையும் என் கையால் கொடுத்துவிடுவேன். நோட்டில் அவனுக்குத் தனிப் பக்கம் போட்டிருக்கிறேன். இது சத்தியம்.

செப்டம்பர் 19, வியாழன்

அவன் முதலில் கொஞ்சம் போட்டு, ஐயாயிரம் எடுத்துப் பார்த்தானாம். வந்துவிட்டதாம். அரைக் கிலோ அல்வாவோடு வீட்டுக்கு வந்துவிட்டான். பேச்சியம்மாள் கொடுத்து விட்டாளாம். இந்திராணி நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தள்ளினேன். எனக்குச் சர்க்கரை கிடையாது என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஆறு லட்சத்தையும் போட்டுவிட்டான்.

செப்டம்பர் 25, புதன்

என் மதிப்பெண் எழுபத்தெட்டு. எண்பது அல்ல. இன்னும் ஒருவர் வேண்டுமாம்.

அக்டோபர் 1, செவ்வாய்

மேடம் பதில் எழுதுவதில்லை. குரூப்பில் யாரும் எதையும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டார்கள். செயலி மட்டும் ஓடுகிறது. அதில் என் பணம் இன்றும் ஏறியிருக்கிறது.

ஆறு மணிக்குச் சின்னக்காளை போன் செய்தான். அவனும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறானாம், என்னைப் போலவே நாலு கட்டம்.

"சார், டேலி ஆயிருச்சு சார். பைசா வித்தியாசம் இல்ல."

"சரிய்யா" என்றேன். அதன் பிறகு வெகுநேரம் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். லாரித் தண்ணீர். வீணாகப் போனது.

அக்டோபர் 14, திங்கள்

ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை. நான் வேலை பார்த்த கிளைக்கே போனேன். என் நாற்காலியில் இருக்கும் பெண் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். உட்கார்ந்து கணினியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சார், உங்க பென்ஷன் அக்கவுண்ட்டை முடக்கி வச்சிருக்காங்க. கர்நாடகா போலீஸ் லெட்டர் வந்திருக்கு. ஏதோ மோசடிப் பணம் எட்டாயிரம் இதுல வந்திருக்குன்னு."

என் பின்னால் வரிசையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். மூன்று பேரை எனக்குத் தெரியும்.

பென்ஷன் நின்றால் வீடு நின்றுவிடும். ஆகவே இந்திராணியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல, என் பணத்தை மட்டும். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எவ்வளவு?"

சொன்னேன்.

"எல்லாம் போச்சா?"

"ஆமா."

"ஜூலைல இருந்து மனசுக்குள்ள வச்சுக்கிட்டு எப்படித்தான் எங்கூட உக்காந்து சோறு தின்னீங்க?" என்றாள். அடுப்பை அணைத்தாள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பற்றவைத்து, எனக்குத் தோசை ஊற்றினாள்.

அக்டோபர் 16, புதன்

சைபர் கிரைம் ஸ்டேஷன். ஜெபக்கனி என்று ஒரு பெண் ஏட்டு. என்னைத் திட்டவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. தினமும் பத்துப் பேரைப் பார்த்துச் சலித்த முகம். அவர் சொல்லித்தான் எனக்கு அந்த எட்டாயிரத்தின் கதை தெரிந்தது.

"நாகரத்னம்மான்னு ஒரு அங்கன்வாடி டீச்சர் சார். ரிட்டயர்டு. அவங்களும் இதே மாதிரி ஏதோ ஆப்ல பணம் போட்டிருக்காங்க. அனுப்புங்கன்னு அவங்களுக்குக் குடுத்த அக்கவுண்ட் நம்பர் உங்களோடது. அவங்களைப் பொறுத்தவரைக்கும் திருடன் நீங்கதான்."

எடுத்துப் பார்த்தேன், வந்தது, அதனால் நிஜம் என்று நம்பினேன். வந்தது அந்தம்மாவின் காசு. அல்வா வாங்கிய ஐயாயிரமும் யாரோ ஒருவருடைய வயிற்றெரிச்சல்தான்.

புகார் எழுதிக் கொடுத்தேன். பணம் நின்றுபோன தேதி ஆகஸ்ட் 28 என்று சரியாகப் போட்டேன். எழுதி முடித்ததும் ஏட்டம்மா கேட்டார்.

"உங்க மூலமா வேற யாராச்சும் சேந்திருக்காங்களா சார்? இருந்தா உடனே வரச் சொல்லுங்க. பணம் கடைசியாப் போன அக்கவுண்ட்டுல கொஞ்சமாச்சும் மிச்சம் இருந்தா பிடிச்சு வைக்கலாம். ஒவ்வொரு நாளும் முக்கியம்."

"யாரும் இல்லம்மா" என்றேன்.

அக்டோபர் 17, வியாழன்

ஆறு மணிக்குப் போன். டேலியாம்.

அக்டோபர் 18, வெள்ளி

போனை எடுக்கவில்லை. இரண்டு தடவை அடித்துவிட்டு, 'டேலி சார்' என்று மெசேஜ் போட்டிருந்தான்.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை. முழங்கால் வலி. சொல்ல வேண்டும்.

அக்டோபர் 25, வெள்ளி

இந்திராணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"சின்னக்காளை அண்ணன் எதுக்குங்க அன்னைக்கு அல்வா கொண்டாந்தாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த வேட்டியைக் கட்டிலில் போட்டாள்.

"அவரு எடத்துப் பணமா?"

"ஆமா."

"அவருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"நம்ம பணம் போனதுக்கு நான் உங்களை ஒரு வார்த்தை சொல்லல. ஆனா இதுக்கு உங்களை மன்னிக்க மாட்டேன். போயிச் சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் போயி பேச்சிட்டச் சொல்லுவேன்."

நாளை போகிறேன் என்றேன். முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னைப் பார்த்து இப்படி ஒரு முகம் காட்டியதில்லை.

அக்டோபர் 28, திங்கள்

சனியன்று போகவில்லை. ஞாயிறும் போகவில்லை. இன்று காலை போனேன்.

அவனைப் பேகம்பூர் டீக்கடையில் வைத்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. சொன்னேன். செயலி பொய், காயின் பொய், உன் நோட்டும் என் நோட்டும் பொய், பணம் போய்விட்டது, என் பணமும் போய்விட்டது. இவ்வளவும் சொன்னேன். இன்னொன்றைச் சொல்லவில்லை.

டம்ளரை அவன் தொடவே இல்லை. டீயில் ஆடை கட்டிவிட்டது.

"பதினோராம் தேதி பதிவு சார்."

"தெரியும்யா."

"அட்வான்சும் போயிரும் சார்."

"தெரியும்யா."

திடீரென்று என் கையைப் பிடித்தான். "சார், நீங்க மனசை விட்றாதீங்க சார். உங்களுக்குப் போனதுதான் பெருசு. நானாச்சும் வாட்ச்மேன் வேலைக்குப் போவேன். நீங்க இந்த வயசுல என்ன பண்ணுவீங்க?"

அவன் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். இதை என்னால் தாங்க முடியவில்லை.

நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றேன். சரி என்றான். "பேச்சிக்கு ஸ்டேஷன் போயிட்டு வந்து சொல்லிக்கிறேன் சார். சாரும்தான் நம்மளோட சேந்து ஏமாந்துட்டாருன்னு சொன்னா, அது ஒண்ணும் சொல்லாது."

அக்டோபர் 29, செவ்வாய்

தீபாவளிக்கு இரண்டு நாள் என்பதால் ரோடெல்லாம் கூட்டம். ஸ்கூட்டரில் பின்னால் அவனை உட்கார வைத்துக்கொண்டு போனேன்.

ஏட்டம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். யாரும் இல்லை என்று சொன்னீர்களே என்று கேட்கவில்லை. ஒரு படிவத்தைக் கொடுத்து, கணக்கு எண்களை எல்லாம் பார்த்து எழுத வசதியாக என் பழைய புகாரின் நகலையும் மேசையில் வைத்தார்.

"சார், நீங்களே எழுதிருங்க. என் எழுத்து கோழி கிண்டுனாப்புல இருக்கும்" என்றான் சின்னக்காளை. எழுத ஆரம்பித்தேன். அவன் பெயர், தகப்பன் பெயர், முகவரி. பணம் அனுப்பிய தேதிகள். செயலியில் சேர்ந்த தேதி: செப்டம்பர் 16. அவன் சும்மா இருக்கப் பிடிக்காமல் என் புகாரை எடுத்து, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தான்.

"சார்."

"என்னய்யா?"

"இதுல ஒரு எடத்துல தப்பு விழுந்துருக்கு சார்." குரலைத் தாழ்த்திக்கொண்டான், ஏட்டம்மா காதில் விழுந்து எனக்குக் கௌரவக் குறைச்சல் ஆகிவிடக்கூடாது என்று. "உங்க பணம் எடுக்க முடியாம நின்னது ஆகஸ்ட் இருவத்தெட்டுன்னு போட்டுருக்கீங்க. நான் சேந்ததே செப்டம்பர் பதினாறுல்ல? செப்டம்பர் இருவத்தெட்டுன்னு போட வேண்டியது, மாசத்தை மாத்தி எழுதிட்டீங்க போல. அவங்க பதியிறதுக்குள்ள திருத்திருங்க சார்."

பேனா என் கையில்தான் இருந்தது. ஆமாய்யா, கவனிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். அவன் நம்பியிருப்பான். சந்தோஷமாக நம்பியிருப்பான். பேச்சியம்மாளும் நம்பியிருப்பாள். நாக்கு நுனி வரை வந்தது.

"தப்பு இல்லய்யா" என்றேன். "தேதி சரிதான்."

அவன் மறுபடி காகிதத்தைப் பார்த்தான். என் படிவத்தைப் பார்த்தான். பிறகு பெட்டியில் கட்டு எண்ணும்போது செய்வதைப் போல உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே விரல் மடக்கினான். நான் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பத்தொம்பது நாளு" என்றான்.

ஏட்டம்மா படிவத்தைத் திருப்பி வைத்து இங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று காட்டினார். இரண்டு இடத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வாசலில் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தி, "ஏறிக்கய்யா" என்றேன்.

அவன் ஏறவில்லை. "பேச்சிட்ட நான் என்னன்னு சொல்ல?" என்று கேட்டான். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, ரோட்டைப் பார்த்துக் கேட்டான். சார் என்றும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடக்க ஆரம்பித்தான்.